விசாரணையும் விடுதலையும்: சேலம் விஜயராகவாச்சாரியாரின் வாழ்க்கை

ஆங்கில ஆட்சியினால் இந்தியா அடைந்த நன்மைகளைக் கணக்கிடப் புகுவோர், ரயிலையும் தந்தியையும் கூறிய பின்னர், மூன்றாவதாக ஒன்றைக் கூறத் தவறுவதில்லை. அதுவே சட்டத்தின் ஆட்சி. கவர்னராயினும் கலப்பை பிடிப்பவனாயினும் சட்டத்தின் முன் சமமே. குற்றம் ருஜுவாகும் வரையில் எவனும் குற்றவாளியாகான். தன் கட்சியை எடுத்துச் சொல்ல இடங்கொடாமல் எவனையும் தண்டித்தலாகாது. இக்கொள்கைகளை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர்கள் தாங்களே என்று அந்த ராஜாங்கத்தார் ஓயாமல் பெருமை பேசி வந்தனர். இப்பெருமையில் உண்மை எவ்வளவு, வேஷம் எவ்வளவு என்று அளந்தறிய விரும்புவோர் நெடுந்தூரம் தேடி அலைய வேண்டியதில்லை. 1852-ம் ஆண்டு பிறந்து, 1944-ம் ஆண்டு மறைந்த சேலம் சி. விஜயராகவாச்சாரியாரின் வாழ்க்கை ஒன்றே அதற்குப் போதும்.

மல்லசமுத்திரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தவை. விஜயராகவாச்சாரியாரின் காலத்தில் அவை சேலம் ஜில்லாவுக்கு உட்பட்டிருந்தன. இவ்வூர்களில் வரப்புத் தகராறோ, கிணற்றுத் தண்ணீர்த் தகராறோ எழுந்து பெரியவர்கள் கூடுவார்களாயின், முறையிட்டவனை முதலில் கேட்பார்கள். எதிராளியை அடுத்துக் கேட்பார்கள். சாட்சி சொல்பவனை இருவருக்கும் எதிரில் நிறுத்திச் சொல்லச் செய்வார்கள். இப்பஞ்சாயத்துக்கள் தவறு செய்ததே இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் எதிராளியைக் கேளாமலே தீர்ப்புச் சொன்னால், அதை நியாயமென்று ஊரார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எழுத்தறியாத குடியானவனும் அறிந்திருந்த இந்தச் சின்னஞ்சிறு நியாயத்தை, உலகின் பெரும்பகுதியைக் கட்டியாண்ட ஒரு சாம்ராஜ்யம் தனக்கு வேண்டாதபோதெல்லாம் ஒதுக்கி வைத்தது. அதனை எதிர்த்துத் தம் உரிமைக்காக முதலிலும், பிறர் உரிமைக்காகப் பின்னரும் போராடியவர் விஜயராகவாச்சாரியார்.

செங்கற்பட்டு ஜில்லாவில் பொன்விளைந்த களத்தூரில், வைதிக வைஷ்ணவக் குடும்பத்தில் 1852-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி அவர் பிறந்தார். இளமையில் ஸம்ஸ்கிருதமும் வேதமும் பயின்று, பின்னர் ஆங்கிலக் கல்வியில் புகுந்தார். சென்னை இராஜதானிக் கலாசாலையில் படித்து 1875-ம் ஆண்டில் பட்டம் பெற்றார். சில காலம் மங்களூரில் சர்க்கார் கலாசாலையில் ஆசிரியராக இருந்து, அதை விடுத்துச் சேலம் முனிசிபல் கலாசாலைக்கு வந்து ஆங்கிலமும் கணிதமும் போதித்தார். சட்ட வகுப்புக்குச் செல்லாமல் தாமே படித்துப் பரீட்சையில் தேறி, 1881-ம் ஆண்டில் வக்கீல் தொழிலை மேற்கொண்டார். மறு ஆண்டு சேலம் முனிசிபல் சபையிலும் அங்கத்தினரானார். முப்பது வயதுள்ள ஒரு வக்கீலுக்கு இவ்வளவு வேகமாகச் செல்வாக்கு வளர்வதைக் கண்டு உள்ளூர் அதிகாரிகள் மகிழ்ந்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

அந்த 1882-ம் ஆண்டிலேதான் சேலத்தில் பெருங்கலகம் மூண்டது. பள்ளிவாசல் ஒன்றைப் பற்றி ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே புகைந்து கொண்டிருந்த மனக்கசப்பு அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் தீயாக எரிந்தது. பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. சேலத்தின் சரித்திரத்தில் அது வெட்கப்படத்தக்க நாள் என்பதில் நமக்கு ஐயமில்லை. தொழுகைக்குரிய இடத்தை இழந்தவர்களுக்கு நியாயம் வழங்க வேண்டியது ராஜாங்கத்தின் முதற்கடமை. ஆனால் குற்றம் செய்தவனைக் கண்டுபிடித்துத் தண்டிப்பது வேறு. தங்களுக்குப் பிடிக்காதவன் ஒருவனைப் பிடித்துக் குற்றத்தை அவன் தலையில் சுமத்துவது வேறு. முன்னது நீதி, பின்னது இரண்டாவது குற்றம். சேலத்தில் அதிகாரவர்க்கத்தார் செய்தது பின்னதேயாகும். கலகத்தைத் தூண்டிவிட்டவர் விஜயராகவாச்சாரியாரே என்று குற்றஞ்சாட்டினார்கள். அவருக்கு விரோதமாகச் சாட்சிகள் சாட்சியம் சொன்னார்கள். பத்து ஆண்டுக் கடுஞ்சிறை அவருக்கு விதிக்கப்பட்டது.

அவரது வாழ்க்கை அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் வழக்கு சென்னை ஹைகோர்ட்டுக்கு அப்பீலாகச் சென்றது. கீழ்க்கோர்ட்டில் பதிவான சாட்சியம் வரிவரியாகப் பரிசீலிக்கப்பட்டது. அது நம்பத்தக்கதன்று என்பது வெளியாயிற்று. விஜயராகவாச்சாரியார் குற்றமற்றவர் என்று விடுதலை செய்யப்பட்டார்.

நேயர்கள் இவ்விடத்தில் சற்றே நின்று யோசிக்க வேண்டுகிறோம். அவரைக் காப்பாற்றியது எது? கவர்னராக இருந்த கிராண்ட் டப் துரையின் தயாளமன்று. அவரது ராஜாங்கம் இவர்மேல் கொண்டிருந்த கோபம் சிறிதும் தணியவில்லை. ஜில்லா அதிகாரிகளின் மனச்சாட்சியுமன்று. இன்ன குற்றம் என்று எழுத்தில் சொல்ல வேண்டியிருந்தது. சாட்சிகள் பகிரங்கமாக வந்து நிற்க வேண்டியிருந்தது. அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய இடமிருந்தது. அவர்கள் சொன்னது எழுத்தில் பதிவாயிற்று. அப்பதிவை வேறொரு கோர்ட்டார் படித்துப் பார்க்க முடிந்தது. இந்த ஐந்தே அவரைக் காப்பாற்றின. இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டிருந்தாலும் பொய் பொய்யென்று வெளிப்பட்டிராது. ஐந்தையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன? ஒரு போலீஸ் அறிக்கையும் ஓர் உத்தரவும் ஒரு சிறைக்கதவுமே எஞ்சும். விசாரணையற்ற சிறைவாசம் என்பது இதுவே.

விடுதலை பெற்றவர் வீட்டிலே அடங்கியிருக்கவில்லை. கலகத்தைக் காரணமாகக் காட்டி அவரது முனிசிபல் பதவியை ராஜாங்கத்தார் பறித்திருந்தனர். இந்தியா மந்திரியையே பிரதிவாதியாக்கி அவர் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு 1884-ம் ஆண்டில் சென்னை ஹைகோர்ட்டில் முடிவாயிற்று. சட்டம் வகுத்த முறையை மீறி ஒருவரைப் பதவியிலிருந்து நீக்கக் கவர்னருக்கும் அவரது ஆலோசனை சபைக்கும் அதிகாரமில்லையென்றும், அவ்வாறு நீக்கப்பட்டவர் கோர்ட்டை நாடி நஷ்டஈடு கோரலாமென்றும் நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஒரு கவர்னரின் உத்தரவைச் சேலத்து வக்கீல் ஒருவர் கோர்ட்டில் நிறுத்தி வென்றார் என்ற செய்தி இராஜதானி முழுவதும் பரவிற்று. அன்று முதல் அவர் சேலம் வீரர் என்றும், தென்னாட்டுச் சிங்கம் என்றும் போற்றப்படலானார்.

இவ்வெற்றியைக் காட்டிலும் நாம் பெரிதாக மதிப்பது அவர் செய்த மற்றொரு காரியம். அதே கலக வழக்கில் தண்டிக்கப்பட்டு அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்கள் பலர் இருந்தனர். அவர்களுக்கு அவருடைய கல்வியில்லை, செல்வாக்கில்லை, வாதாடும் வன்மையில்லை. தாம் தப்பிப் பிழைத்தது போதுமென்று அவர் இருந்திருந்தால், அவரைக் குறைகூறுபவர் எவருமில்லை. ஆனால் தம்மைச் சிறையில் தள்ளிய சாட்சியம் எத்தகையது என்பதைக் கண்ட ஒருவர், அதே வழக்கில் கடல் கடந்து கிடந்தவர்களை எவ்வாறு மறப்பார்? வைஸிராயாக இருந்த ரிப்பன் பிரபுவிடம் அவர்களுக்காக வலியுறுத்தி மன்றாடினார். அவர்கள் விடுதலையடைந்தனர். உரிமை என்பது வாதாடத் தெரிந்தவனுக்கு மட்டும் உரிய சொத்தன்று என்பதை அவர் தம் செய்கையாலே காட்டினார்.

காங்கிரஸ் மகாசபை 1885-ம் ஆண்டில் தோன்றியது. ஹியூம் துரையின் நண்பராகிய விஜயராகவாச்சாரியார் ஆரம்ப காலந்தொட்டு அதனுடன் தொடர்பு கொண்டு, அதன் அமைப்பு விதிகளை வகுப்பதிலும் பங்கு பெற்றார். 1895-ம் ஆண்டு முதல் ஆறு ஆண்டுகள் சென்னைச் சட்டசபையிலும், 1913 முதல் 1916 வரையில் இம்பீரியல் சட்டசபையிலும் அங்கத்தினராக இருந்தார். பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டுமென்றும், சிறுமியருக்கு விவாகம் செய்தலாகாது என்றும் அக்காலத்திலேயே வாதித்தவர் அவர். எனினும் அவரது எண்ணங்களுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே. அதிகாரம் எவரிடமிருந்தாலும், அது சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நிற்க வேண்டும் என்பதே அது.

ஆனால் அந்தக் கட்டுக்கு அடங்காத ஓர் ஆயுதத்தை ராஜாங்கத்தார் வெகுகாலமாகவே உறையில் வைத்திருந்தனர். வங்காளத்தின் 1818-ம் ஆண்டு மூன்றாவது ரெகுலேஷன், சென்னையின் 1819-ம் ஆண்டு இரண்டாவது ரெகுலேஷன், பம்பாயின் 1827-ம் ஆண்டு இருபத்தைந்தாவது ரெகுலேஷன் என்று மூன்று இராஜதானிகளுக்கும் தனித்தனியே அது இருந்தது. வங்க ரெகுலேஷனின்படி கவர்னர் ஜெனரலும் அவரது சபையும் ஒரு வாரண்டில் கையெழுத்திட்டால் போதும்; குற்றச்சாட்டு வேண்டியதில்லை; கோர்ட்டு வேண்டியதில்லை; கால எல்லையும் இல்லை. காவலில் வைத்திருக்கும் அதிகாரி ஜனவரி முதல் தேதியிலும் ஜூலை முதல் தேதியிலும் ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். கைதிக்கு இருந்த பாதுகாப்பு ஏறக்குறைய அவ்வளவே. சட்டவிரோதமாகக் காவலில் இருப்பவனைக் கோர்ட்டின் முன் கொண்டுவரச் செய்யும் ஹேபியஸ் கார்பஸ் உரிமையைக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 491-வது பிரிவு அளித்தது. அதே பிரிவின் வாலிலே, இந்த ரெகுலேஷன்களின்படி அடைக்கப்பட்டவர்களுக்கு அது பொருந்தாது என்றும் எழுதி வைத்தார்கள். இங்கிலாந்தில் 1679-ம் ஆண்டிலேயே சட்டமாகி, ஆங்கிலேயர் உயிரினும் மேலாகப் போற்றிய உரிமை, கப்பலேறி இந்தியாவுக்கு வந்ததும் இவ்வாறு அங்கஹீனமாயிற்று.

இந்த ஆயுதம் உறையிலேயே துருப்பிடித்துக் கிடக்கவுமில்லை. 1897-ம் ஆண்டில் பூனாவில் நாட்டு சகோதரர்கள் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். 1907-ம் ஆண்டில் லாலா லஜபதி ராயும் அஜித் சிங்கும் மாந்தலேக்கு நாடு கடத்தப்பட்டனர். 1908-ம் ஆண்டு டிசம்பரில் அசுவினி குமார தத்தர், கிருஷ்ண குமார மித்திரர் உள்ளிட்ட வங்கத் தலைவர் ஒன்பதின்மர் அதே கதியை அடைந்தனர். விஜயராகவாச்சாரியார் இம்பீரியல் சட்டசபையில் இருந்த காலத்திலேயே, 1915-ம் ஆண்டில், யுத்தத்தைக் காரணங்காட்டி இந்தியப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் விதிகளைக் கொண்டே 1917-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அன்னி பெஸண்டு அம்மையார் உதகமண்டலத்தில் காவல் வைக்கப்பட்டார். யுத்தம் முடிந்தது, ஆயினும் ருசி கண்ட பூனை உறியை விடவில்லை. 1919-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ரௌலட் சட்டம் பிறந்தது.

அச்சட்டத்தை எதிர்க்கும் வழியை மகாத்மா காந்தி யோசித்தபோது, அவர் தங்கியிருந்தது சென்னையில் ராஜகோபாலாச்சாரியாரின் இல்லத்தில். சேலத்தில் வக்கீலாக இருந்து, அந்நகரின் முனிசிபல் தலைமையையும் வகித்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர் ராஜாஜி. அவ்வீட்டிலேதான் தேசமுழுதும் ஹர்த்தால் நடத்தும் எண்ணம் காந்தியடிகளுக்கு உதித்தது. அடுத்து வந்தது பஞ்சாபின் துயரம். 1919-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி டாக்டர் கிச்சலூவும் டாக்டர் சத்தியபாலும் அமிருதசரஸிலிருந்து விசாரணையின்றி அப்புறப்படுத்தப்பட்டுத் தர்மசாலைக்குக் கொண்டு போகப்பட்டனர். அதைக் கேட்டு ஜனங்கள் கொதித்தெழுந்தனர். மூன்றாம் நாள் ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயரின் துப்பாக்கிகள் வெடித்தன. ராஜாங்கத்தார் தாமே ஒப்புக்கொண்ட கணக்கின்படி மாண்டவர் 379 பேர். இருவரைக் கோர்ட்டில் நிறுத்தி விசாரிக்க மனமில்லாத ஓர் ஆட்சி, நூற்றுக்கணக்கானவரைச் சுட்டுக் கொல்லத் தயங்கவில்லை. விசாரணையைக் கைவிடுவதற்கும் துப்பாக்கியைக் கையிலெடுப்பதற்கும் இடையே அதிக தூரமில்லையென்பதை அமிருதசரஸ் காட்டியது.

அந்தக் காயம் ஆறாதிருந்தபோதே, 1920-ம் ஆண்டு டிசம்பரில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு விஜயராகவாச்சாரியார் அக்கிராசனம் வகித்தார். ஒத்துழையாமையை ஊர்ஜிதம் செய்த மகாசபை அதுவே. வக்கீல்கள் கோர்ட்டை விட்டு வெளியேற வேண்டுமென்பது அத்திட்டத்தின் ஓர் அம்சம். கோர்ட்டிலே நின்று கவர்னரை வென்ற ஒருவர், கோர்ட்டைப் பகிஷ்கரிக்கும் தீர்மானம் ஏறிய மேடையில் தலைமை வகித்த விந்தையை என்னென்பது! காந்தியடிகளின் திட்டத்தை அவர் முழுமனத்துடன் ஏற்றுக்கொண்டவரல்லர். ஆயினும் தேசம் சென்ற வழியிற் குறுக்கே நிற்கவுமில்லை.

அந்நியன் நடத்திய கோர்ட்டிலே நியாயம் ஏது என்று அன்று கேட்டவர்களின் பேச்சிலும் பொருளிருந்தது. 1908-ம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்ததும் ஒரு கோர்ட்டுத்தான். விசாரணை நடந்தால் மட்டும் நியாயம் கிடைத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அக்கொடிய தீர்ப்பு பகிரங்கமாகக் கூறப்பட்டபடியாலேயே நாடு அதைப் படித்துக் கொதித்தது. அப்பீலுக்குச் சென்றபடியாலேயே தண்டனை குறைந்தது. விசாரணையில் அநீதி நிகழக்கூடும். விசாரணையின்மையோ தானே அநீதி. அங்கே திருத்துவதற்குத் தீர்ப்பில்லை, மறுப்பதற்குச் சாட்சியமில்லை, கண்டிப்பதற்கு நீதிபதியுமில்லை.

முதுமையிலும் விஜயராகவாச்சாரியார் ஓய்ந்திருக்கவில்லை. ஸைமன் கமிஷனை எதிர்த்தார். இந்தியாவுக்குரிய அரசியல் அமைப்பு எவ்வாறிருக்க வேண்டுமென்று சிந்தித்து எழுதினார். ஆனால் அவரது கடைசி ஆண்டுகளில் நாடு கண்டதென்ன? 1942-ம் ஆண்டு ஆகஸ்டில் காந்தியடிகள் பூனாவில் ஆகாகான் மாளிகையில் அடைக்கப்பட்டார். காங்கிரஸ் காரியக்கமிட்டியார் ஆமதுநகர்க் கோட்டையில் அடைக்கப்பட்டனர். ஊருக்கு ஊர் தொண்டர்கள் பாதுகாப்பு விதிகளின்படி சிறைசென்றனர். அவ்விதிகளில் ஆட்களைக் காவலில் வைக்க இடந்தந்த 26-வது விதி சட்டப்படி செல்லாது என்று, 1943-ம் ஆண்டு ஏப்ரலில் தல்பதே வழக்கில் பெடரல் கோர்ட்டு கூறிற்று. அதற்குத் தலைமை நீதிபதி ஓர் ஆங்கிலேயர், ஸர் மாரிஸ் குவையர். ராஜாங்கத்தார் என் செய்தனர்? கைதிகளை விடுதலை செய்து தங்கள் சட்டபக்தியைக் காட்டினரா? இல்லை. சில நாட்களுக்குள் ஓர் ஆர்டினன்ஸைப் பிறப்பித்து, செல்லாததைச் செல்லுபடியாக்கிக் கொண்டனர்.

இத்தகைய நிலையிலேயே 1944-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி விஜயராகவாச்சாரியார் காலமானார். 1920-ம் ஆண்டின் அக்கிராசனர் மறைந்த அன்று, அப்போதைய அக்கிராசனராகிய மௌலானா ஆசாத் குற்றச்சாட்டுமின்றி, விசாரணையுமின்றி ஆமதுநகர்க் கோட்டையில் இருந்தார். 1882-ம் ஆண்டில் சேலத்து இளம் வக்கீல் ஒருவருக்குக் கிடைத்த கோர்ட்டு, அறுபது ஆண்டு கழித்து இந்திய தேசத்தின் மகாசபைத் தலைவருக்குக் கிடைக்கவில்லை. சட்டத்தின் ஆட்சியென்று அவர்கள் பேசிய பெருமை சென்றடைந்த இடம் இதுவே.

அந்நியர் 1947-ம் ஆண்டில் போய்விட்டனர். அவர்களுடன் இந்த ஆயுதமும் கப்பலேறியதா? ஏறவில்லை என்பதை வருத்தத்துடன் கூறவேண்டியிருக்கிறது. 1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி நமது அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. ஒரு மாதத்துக்குள் தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறியது. சென்னைச் சிறையிலிருந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன் அதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார். காவலுக்குரிய காரணங்களைக் கோர்ட்டுக்கும் வெளியிடலாகாது என்ற 14-வது பிரிவை மட்டும் செல்லாதென்று கூறி, ஏனையவற்றை அவ்வாண்டு மே மாதத்தில் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. 1951-ம் ஆண்டில் அச்சட்டத்தை நீட்டித்த உள்நாட்டு மந்திரி, ரௌலட் சட்டத்தை எதிர்த்து நின்ற அதே ராஜாஜிதான். எல்லாக் காவல்களையும் ஓர் ஆலோசனைக் குழு பரிசீலிக்க வேண்டுமென்று அப்போது சேர்த்தார் என்பது உண்மை. அது ஒரு நன்மையே. ஆயினும் ஆலோசனைக் குழு வேறு, பகிரங்கமான கோர்ட்டு வேறு.

1976-ம் ஆண்டு ஏப்ரலில், நெருக்கடி நிலையின்போது, காவலில் வைக்கப்பட்டவன் ஹேபியஸ் கார்பஸ் கோரி ஹைகோர்ட்டை நாடவும் உரிமையில்லை என்று சுப்ரீம் கோர்ட்டே கூறிற்று. நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டு நின்றார். அத்தீர்ப்புத் தவறென்று அதே கோர்ட்டு வெளிப்படையாகக் கூறி அதை நீக்கியது 2017-ம் ஆண்டில். இடையில் நாற்பத்தோராண்டுகள் கழிந்தன. தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று ஜனங்கள் வழங்கும் 1982-ம் ஆண்டு 14-வது சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. அதன்படி ஒருவரை ஓராண்டு வரையில் விசாரணையின்றி அடைத்து வைக்கலாம்.

அபாயம் நேரும்போது ராஜ்யம் தன்னைக் காத்துக் கொள்ள வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும் என்பதே நமது விடையும். ஆனால் 1818-ம் ஆண்டிலும் அபாயம் என்றார்கள். 1915-ம் ஆண்டிலும் அபாயம் என்றார்கள். 1919-ம் ஆண்டிலும் 1942-ம் ஆண்டிலும் அதையே சொன்னார்கள். அபாயம் இல்லாத காலத்தை எந்த ராஜாங்கமும் கண்டதில்லை. அபாயம் உண்டா இல்லையா என்பதையும், அதற்குக் காரணமானவன் இவனா அவனா என்பதையும், சிறையில் அடைப்பவரே தனியறையில் தீர்மானிப்பதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம். 1882-ம் ஆண்டுச் சேலத்து அதிகாரிகளுக்கும் தங்கள் சந்தேகம் உண்மையென்றே தோன்றியிருக்கலாம். கோர்ட்டு ஒன்று இருந்தபடியால்தான் அது பொய்யென்று புலனாயிற்று.

பொதுவாழ்வில் ஈடுபட்ட இளைஞர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. தம் கட்சியைச் சேர்ந்தவன் அடைக்கப்பட்டால் கொதிப்பதும், எதிர்க்கட்சிக்காரன் அடைக்கப்பட்டால் மௌனம் சாதிப்பதும் சட்டத்தின் ஆட்சியை விரும்புவோரின் லக்ஷணமன்று. விஜயராகவாச்சாரியார் தம் விடுதலையோடு நின்றிருந்தால் அவர் ஒரு கெட்டிக்கார வக்கீல். அந்தமானில் கிடந்த பேரறியாதவர்களுக்காகவும் மன்றாடியபடியால்தான் அவர் சேலம் வீரர். நமக்குப் பிடிக்காதவனுக்கும் விசாரணை வேண்டும் என்று கேட்பவன் எந்த ஊரில் இருக்கிறானோ, அந்த ஊரிலேதான் ஸ்வராஜ்யம் இருக்கிறது.